சூரியகாந்தி விதையும் டார்லாவின் வாயும்

ஓட்டர் பெண்டில் ஒரு பிள்ளைக்குப் பந்தாட்டம் நன்றாக வருகிறது என்று தெரிந்துவிட்டால், பெற்றவர்கள் மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் நிற்பார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. அங்கே மாத்திரை எண்ணிக் கொடுக்கிற டார்லா ஹூக்ஸ்ட்ராவைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். நன்றாக ஆடுகிற பிள்ளையைக் கல்லூரி கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும், கட்டணத்தையும் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கூப்பிடுகிற கோச்சுக்கு ஓட்டர் பெண்ட் என்று ஓர் ஊர் இருப்பது முதலில் தெரியவேண்டுமே. அதைத் தெரியவைக்கும் கலையில் அயோவாவின் அந்த மூலையில் டார்லாவை மிஞ்ச ஆள் கிடையாது.

கோச்சுக்கு மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுதவேண்டும், அம்மா எழுதக் கூடாது என்பது அவள் முதல் சட்டம். எழுதியதை அனுப்புமுன் அவளிடம் காட்டவேண்டும் என்பது இரண்டாவது. டக்கர் என்கிற தடியன் காட்டாமல் அனுப்பினான். "சிறு வயது முதலே உங்கள் கல்லூரிக்கு ஆடுவதுதான் என் கனவு" என்று ஒரே கடிதத்தை நாற்பது கல்லூரிகளுக்கு அனுப்பினான். ஆனால் நாற்பதிலும் தலைப்பில் இருந்தது ஒரே கல்லூரியின் பெயர். அந்தக் கல்லூரியின் பரம எதிரியிடமிருந்து மட்டும் பதில் வந்தது: "தம்பி, அவர்களும் உன்னைக் கூப்பிடமாட்டார்கள்."

ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்புவதிலும் அவளுக்குச் சட்டம் உண்டு. இரண்டு நிமிடம் போதும், பாட்டு வேண்டாம், சத்தமே வேண்டாம். சத்தம் வேண்டாம் என்பது அனுபவத்தில் வந்தது. ஒருத்தியின் படத்தில் அவள் எகிறிப் பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்த்துக் கோச்சுகள் வாயைப் பிளந்திருப்பார்கள். அதே நேரம் பின்னாலிருந்து அவள் அம்மா, "முழங்காலப் பாத்துடீ, போன வருஷந்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கு!" என்று கூவியதும் சேர்ந்தே பதிவாகியிருந்தது.

உண்மையில் டார்லாவுக்குப் பிள்ளைகளால் தொல்லையே இல்லை. பெற்றவர்களால்தான். கோச் வந்து வேலியோரம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அப்பன்மார்களுக்கு என்னமோ ஏறிவிடும். அம்பயரைத் திட்டுவார்கள், எதிரணிப் பிள்ளையைத் திட்டுவார்கள், சொந்தப் பிள்ளையையும் விட்டுவைக்கமாட்டார்கள். இதற்கு டார்லா கண்டுபிடித்த மருந்து சூரியகாந்தி விதை. ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு பொட்டலம். ஒரு பிடியை வாயில் போட்டு, ஒவ்வொன்றாகக் கடித்து, தோலைத் துப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வாய் ஓய்ந்தால்தானே வசவு வரும். டிராக்டர் உதிரிபாகம் விற்கிற வேட் டைக்ஸ்ட்ராவின் குரல் மூன்று பண்ணை தாண்டிக் கேட்கும். அவனையே இரண்டு வருடத்தில் அடக்கிவிட்டாள். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் தோல் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் அவள் அப்பா கெரிட். பன்றி வளர்க்கிறவர். டார்லா பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடியபோது கேட்சர், அதாவது முகமூடி போட்டுக்கொண்டு, பந்தடிக்கிறவள் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவள். அவளைப் பார்க்க ஒரு கல்லூரிக் கோச் வந்தார். அன்றைக்குப் பார்த்து கெரிட் அம்பயரின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். கோச் நாற்காலியை மடித்துக்கொண்டு காருக்குப் போனார். அவ்வளவுதான், டார்லாவின் கல்லூரி ஆட்டம் முடிந்தது. இந்தக் கதையை அவள் புதுப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் சொல்லுவாள். "எனக்கு வந்த கோவத்துல முகமூடியக் கழட்டி எறிஞ்சேன், யாருக்குத்தான் வராது" என்று நடுவில் ஒரு வரி வரும். அதைச் சிரித்தபடி தாண்டிவிட்டு அப்பாவிடம் போய்விடுவாள்.

கெரிட்டுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. பேத்தி, அதாவது டார்லாவின் மகள் டெலேனியும் கேட்சர்தான். ஆனால் அவர் அவளுடைய ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. டார்லா தடை போட்டிருந்தாள். அவரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்தக் கோடையில் மின்னசோட்டாவிலிருந்து ஒரு சின்னக் கல்லூரியின் கோச் டெலேனியைப் பார்க்க வருவதாக எழுதினாள். லிண்ட்வால் என்று பேர். டெலேனி எழுதிய அத்தனை கடிதத்துக்கும் வந்த ஒரே உருப்படியான பதில் அது. அடுத்த வருடம் பள்ளி முடிகிறது. இது போனால் வேறு இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும்.

"நான் வேனுக்குள்ளயே உக்காந்துக்கறேன்" என்றாள் டார்லா.

"உன்னால முடியாதும்மா. மூணாவது இன்னிங்ஸ்ல வேலிய வந்து கட்டிப் பிடிச்சுக்குவ."

"ஊருக்கே வாய மூடச் சொல்லிக் குடுத்தவ நான். எனக்கு மூடத் தெரியாதா?"

"தெரியுமா, தெரியாதான்னு யாரும் இதுவரைக்கும் பாத்ததில்லையே" என்றாள் டெலேனி.

டெலேனி சொன்னதில் ஒரு தப்பு, டார்லா இரண்டாவது இன்னிங்ஸிலேயே வந்துவிட்டாள். வேட் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான். அவன் மகள் ஜாஸ்லின்தான் அன்றைக்குப் பந்து வீசுகிறவள். லிண்ட்வால் வலப்பக்க வேலியோரம் நாற்காலியில், தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வேட் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

"வாயத் திற."

"எனக்கெதுக்கு?"

"ரெண்டு வருஷம் எனக்கு ஊட்டினல்ல? இப்ப என் முறை. திற டார்லா."

அம்பயர் மெர்ல். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். டார்லா மூக்கில் இருந்த கண்ணாடியும் அவர் விற்றதுதான். நல்ல மனிதர், ஆனால் தீர்ப்பு சொல்லுமுன் ஒரு நொடி வானத்தைப் பார்ப்பார். அந்த ஒரு நொடி அத்தனை பேரும் விதை கடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மொத்தம் ஏழு இன்னிங்ஸில் ஐந்தாவது வரை டார்லா சமாளித்தாள். அவள் கடித்த வேகத்தில் வேட் மூன்றாவது பொட்டலத்தைப் பிரிக்கவேண்டியதாயிற்று. ஆட்டம் சமநிலை. எதிரணிப் பெண் ஒருத்தி ரன் எடுக்க மூன்றாவது கட்டத்திலிருந்து பிளேட்டை நோக்கிப் பாய்ந்து வந்தாள். பந்து வந்தது. டெலேனி பிடித்தாள், திரும்பினாள், வந்தவளின் தோளில் பந்தை வைத்து அழுத்தினாள். அவள் பிளேட்டைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது, அவுட்தான். ஊரே பார்த்தது. மெர்ல் வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, "சேஃப்!" என்றார், அதாவது அவுட் இல்லையாம்.

டார்லாவின் வாயிலிருந்து முதலில் விதைகள் வந்தன. முன்வரிசைக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். பிறகு இத்தனை வருடம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது.

"யோவ் மெர்ல்! ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறியே, உனக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா? கடை கட்டுபடியாகலையா? இந்தா, நீ எனக்கு வித்தது, நீயே போட்டுக்கோ!" என்று தன் கண்ணாடியைக் கழற்றி வேலிக்கு மேலே வீசினாள். "மேல என்னய்யா பாக்கற, அங்கயா ஆடறாங்க?"

வேட் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கோச் இருக்கா! டார்லா, கோச்!"

"கோச்சும் பாக்கட்டும்! குருடன் கூடப் பாத்திருப்பான்!"

மெர்ல் கண்ணாடியைப் பொறுக்கி, துடைத்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு வண்டி நிறுத்துமிடத்தைச் சுட்டிக்காட்டினார். டார்லா வெளியேற்றப்பட்டாள்.

சோளப்பொரி விற்கிற இடத்தைத் தாண்டி, தான் பயிற்சி கொடுத்த பெற்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் நடந்து போனாள். எல்லோரும் விதையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வேனருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் எல்லாம் மங்கல்தான், ஆனாலும் ஒன்று தெரிந்தது. லிண்ட்வால் எழுந்து நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தாள்.

டார்லா வேனுக்குள் ஏறி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அழுதாள். நானும் அப்பா மாதிரியே ஆகிவிட்டேனே என்பது அதைவிட எரிந்தது.

ஆட்டம் முடிந்து வெகு நேரம் கழித்து வேனின் ஜன்னலை யாரோ தட்டினார்கள். லிண்ட்வால்.

"டெலேனியோட அம்மா நீங்கதானே? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க?"

"என் மேல உள்ள கோவத்த அவ மேல காட்டாதீங்க. அவ அப்படி இல்ல."

"அதத்தான் பாத்தேனே. நீங்க போனதும் அவ அம்பயர்கிட்டப் போய், 'மன்னிச்சுக்கங்க மெர்ல், அம்மாவுக்கு விதை தீந்துபோச்சு'ன்னா. அவர் சிரிச்சுட்டார். அப்புறம் பந்து வீசற பொண்ணு அழற மாதிரி நின்னுச்சு, அது தோளத் தட்டிட்டு வந்து குந்திட்டா. அடுத்த பந்துல அவுட். நான் நாற்காலியத் தூக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிட்டேன், அவ மூஞ்சியப் பாக்கணும்னு."

"கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

"பெத்தவங்க கத்தினதுக்கெல்லாம் கெளம்பினா எனக்கு டீமே இருக்காது. பிள்ளைங்க எனக்கு எழுதற மெயில் எல்லாத்துலயும் 'எனக்கு நிதானம் அதிகம்'னு இருக்கு. யாராவது கத்தினாத்தானே அது நெசமான்னு தெரியும்? போன வாரம் ஒரு பொண்ணு, ஆட்டத்துல கெட்டிக்காரி. அப்பா ஏதோ கத்தினார்னு பேட்டை அவரப் பாத்து வீசினா. அப்பதான் கெளம்பினேன்."

டார்லா கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினாள்.

"திங்கக்கிழம அவள எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. அவளே பண்ணணும், நீங்க இல்ல. ஒண்ணே ஒண்ணு. எங்க மைதானத்துக்கு வந்தா, நீங்க கடைசி வேலிக்கு அந்தப் பக்கந்தான் உக்காரணும்."

அன்று சாயங்காலமே டார்லா பண்ணைக்குப் போனாள். கெரிட் கொட்டகை வாசலில் நின்று, "யார் செத்தது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவிர அவள் அங்கே வருவதில்லை.

"அப்பா, அன்னிக்கு அந்தக் கோச் வந்தப்ப நான் முகமூடிய எறிஞ்சேனே."

"ஆமா. என் மேலதான் வந்து விழுந்துது."

"அந்தாளு எழுந்தது அதுக்கு முன்னயா, பின்னயா?"

கெரிட் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னதான்."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தன வருஷம் என்னைத் திட்ட விட்டுட்டு ஏம்ப்பா சும்மா இருந்த?"

"சொன்னா நீ உன்னையே திட்டிக்கிட்டிருப்ப. என்னைத் திட்டினா எனக்கென்ன வந்துது? நான் பன்னி வளக்கறவன்."

அவள் அந்த நாற்றத்தோடும் சேறோடும் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அடுத்த ஆட்டத்தில் கடைசி வேலிக்கு அந்தப் பக்கம், சோளக்காட்டு ஓரமாக, இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. வேட் அவ்வளவு தூரம் நடந்துவந்து இரண்டு பொட்டலம் விதை கொடுத்துவிட்டுப் போனான்.

"எனக்கு வேணாம், பல்செட்டுல மாட்டிக்கும்" என்றார் கெரிட். "அது யாரு, முகமூடி போட்டுக்கிட்டுக் குந்தியிருக்கறது? நம்ம பிள்ளையா?"

"நம்ம பிள்ளதான்."

"உன்ன மாதிரியே குந்தறா."

தூரத்தில் மெர்ல் வானத்தைப் பார்த்தார். கெரிட் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். டார்லா வாயருகே கொண்டுபோன விதையைத் திரும்பப் பொட்டலத்துக்குள் போட்டுவிட்டு, தானும் எழுந்தாள்.