மூன்று படமும் ஒரு கேள்விக்குறியும்

“சுவருக்குப் பின்னால நிக்கிற ஆளு நமக்குத் தெரிவானா?” என்று அத்தை கேட்டாள்.

“எந்தச் சுவர் அத்தை?”

“ஏதோ ஒரு சுவர். தெரிவானா, மாட்டானா?”

“மாட்டான்.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா அது சுவர் இல்ல, ஜன்னல்.”

“கிண்டல் பண்ணாதடி. நானே நேத்துல இருந்து மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பதில் சொன்ன மருமகள் அத்தையின் அண்ணன் பெண், மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு மொழியில் படித்தவள். இரண்டிலும் அளந்துதான் பேசுவாள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பத்தான் வந்திருந்தாள். அத்தை குடையை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அத்தை பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை வேனுக்கும் வேலையில்லை, அவளுக்கும் வேலையில்லை. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூசி தட்டப் போனவள், அதிலிருந்த விளையாட்டில் விழுந்து இன்னும் எழவில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். பிடிக்க வருகிறவர்களும் மூன்று பேர். யார் எந்த ஊரில் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு வரும் மாமா, “தளபதியம்மா சோறு போடுவாங்களா?” என்று வாசலிலேயே கேட்பார். “போர் முடியட்டும்” என்று உள்ளிருந்து பதில் வரும்.

சுடுவதில் அத்தைக்குப் பெரிய ஆசை இல்லை. அவள் உயிர் ரீப்ளேயில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், நடுவில் நிறுத்தலாம், காமிராவை மேலே ஏற்றலாம், மூலையில் இறக்கலாம். அத்தை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, திரையின் அடியில் ரீப்ளே ஓடுவதைக் காட்டும் பட்டை தெரியாமல் மறைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுப்பாள். “அந்தப் பட்டை இருந்தா படம் அசிங்கமா இருக்கு” என்பாள். எடுத்ததில் சண்டைப் படம் குறைவு. கோட்டைக்கு மேல் மேகம், உடைந்த படிக்கட்டு. பெரும்பாலும் அவளும் மழைக்கோட்டும் கதவுக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கும் படம்.

மழைக்கோட்டு என்பது தன் அணி ஆள் ஒருவருக்கு அத்தை வைத்த பெயர். வெயிலோ பனியோ, அந்த ஆள் ஆட்டத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடுதான் திரிவார். ஆணா பெண்ணா தெரியாது. பேசும் மொழியும் அத்தைக்குத் தெரியாது. ஆபத்தென்றால் ஒருமுறை குதிப்பது, நன்றியென்றால் இரண்டு முறை. இவ்வளவுதான் பேச்சு. அத்தை விழுந்தால் மழைக்கோட்டு ஓடிவந்து தூக்கிவிடாமல் போனதே இல்லை.

“அவன் கண்ணுக்கு நான் எப்படித் தெரியறேன்னு ஒரு படம் எடுக்கலாம்னு ரீப்ளேல அவன் பார்வைக்குப் போனேன். இங்க பாரு.”

மருமகள் பார்த்தாள். மழைக்கோட்டின் துப்பாக்கி முனை. எதிரே செங்கல் சுவர். சுவருக்குள் சிவப்புக் கோட்டில் மூன்று மனித உருவங்கள், எக்ஸ்ரே மாதிரி.

“திருட்டு சாஃப்ட்வேர் வச்சு ஆடறவங்களுக்குத்தான் இப்படித் தெரியுமாம். என் மழைக்கோட்டு அப்படியா? எனக்கு ஒண்ணும் புரியல. மூணு படம் எடுத்து டீம் லீடருக்கு அனுப்பினேன். எனக்குத்தான் அவங்க பாஷை வராதே, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. அவனை டீம்லேருந்தே தூக்கிட்டாரு.”

“கேட்காமயா?”

“அவன் ஆடும்போதே தன் திரையை எங்களுக்கு நேரடியாக் காட்டுவான். அதுலேருந்து நான் எடுத்ததா லீடர் நினைச்சிட்டாரு போல. நான் கேள்விதானே கேட்டேன்? கேள்வி கேட்டா ஆளைத் துரத்துவாங்களா?”

மருமகளுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. “உங்க பார்வைல எப்படி இருக்குன்னு காட்டுங்க” என்றாள். அத்தை பொத்தானைத் தட்டினாள். அத்தையின் துப்பாக்கி முனை, அதே சுவர், அதே மூன்று சிவப்பு உருவங்கள்.

அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“இவங்களை நான் பார்க்கவே இல்லையே! பார்த்திருந்தா ஆட்டத்துல செத்திருப்பேனா?”

“ஆனா தெரியுதே.”

“அப்ப நானும் திருடியா? எனக்கே தெரியாமலா?”

எதிரணியில் ஒருவரின் பார்வைக்குப் போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, சுவருக்குள் அத்தையும் மழைக்கோட்டும் நீல உருவங்களாக நின்றார்கள். ஆறு பேரும் திருடர்களாக இருக்க முடியாது. பார்க்கிறவருக்கு ஆட்டம் விளங்கட்டும் என்று ரீப்ளேதான் எல்லோரையும் எப்போதும் காட்டுகிறது. ஆடினவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. இது புரிய இரண்டு பேருக்கும் வெகுநேரம் பிடித்தது. புரிந்த பிறகும் அத்தை, “அப்ப அவன் கண்ணு வழியாப் பார்த்தது அவன் பார்த்தது இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டையை மறைக்காமல் அனுப்பியிருந்தால் ரீப்ளே என்று லீடருக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்ல மருமகளுக்கு வாய் வரவில்லை. அத்தையே சொன்னாள்: “அழகா இருக்கட்டும்னு செஞ்சேன் பாரு.”

மருமகள் நடந்ததை லீடருக்கு அவர் மொழியில் எழுதினாள். தப்பு தன்னுடையதுதான், மழைக்கோட்டு வரட்டும் என்று அவர் பதில் போட்டார். சனிக்கிழமை போட்டி, அன்றைக்கும் இடம் காலியாக இருந்தால் புது ஆளை நிரந்தரமாகச் சேர்த்துவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்.

மழைக்கோட்டுக்கு அத்தை சார்பில் எழுதியது படிக்கப்பட்டிருந்தது. பதில் இல்லை. “கோவமா இருப்பானோ? இல்ல, நான் யாருன்னே தெரியலையோ? அவனுக்கு நான் அத்தையா, எவனோ ஒருத்தனா?” வேனில் ஏறும்போதும் கேட்டாள், இறங்கும்போதும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அத்தை மருமகளின் அலுவலக வாசலிலேயே வேனை நிறுத்தினாள். பின் இருக்கையில் ஏதோ பிள்ளை மறந்துபோன தண்ணி பாட்டில் உருண்டது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னு சொல்லிடாத.”

“இன்னொரு தடவை எழுதணுமா?”

“எழுதினது போதும். ஒரு நாளைக்கு மாத்தாள் வைக்கலாமாம். நாளைக்கு அவன் எடத்துல நீ வந்து நில்லு.”

“எனக்கு நடக்கவே தெரியாதே அத்தை, அதுல!”

“நடக்க வேணாம், சுட வேணாம். கதவுக்கு அந்தப் பக்கம் சும்மா நில்லு, நாம தோத்தாலும் தோத்துட்டுப் போறோம். எடம் மட்டும் வேற யாருக்கும் போகக்கூடாது.”