ஏசித் தண்ணீரில் வளர்ந்த அவரை

ஷார்ஜாவில் வெயில் காலம் முடிவது மரங்களில் தெரியாது. வாசல் கதவின் இரும்புக் கைப்பிடியில் தெரியும். வைகாசியிலிருந்து புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்த கைப்பிடியை ஒரு நாள் வெறுங்கையால் பிடித்திருப்போம். திறந்து உள்ளே வந்த பிறகுதான் அது உறைக்கும். அடுத்து சுவர் ஆறும். அதற்கடுத்து தெருவில் யாராவது நாற்காலியை வெளியே கொண்டுவந்து போடுவார்கள். கடைசியாக ஏசியை நிறுத்துவோம். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்கு முதன்முதலாகத் தனி வீடு கிடைத்தது. அதற்கு முன் இன்னொரு குடும்பத்தோடு ஒரே ஃபிளாட்டைப் பங்கு போட்டு, ஓர் அறையில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஒரு தனியார் கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருவருக்கும் டியூட்டி இருந்ததால் மகளை ஒரு வயதில் பாளையங்கோட்டையில் என் அக்காவிடம் விட்டிருந்தோம். புது வீட்டில் இரண்டு அறைகளும் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு மணல் முற்றமும் இருந்தன. கிளினிக்கில் கேட்டு என் டியூட்டியைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அம்மாள் ஒப்புக்கொண்டார். அந்த வைகாசியில் என் கணவர் லீவில் ஊருக்குப் போய் அவளை அழைத்து வந்தார். அவளுக்கு நான்கு வயது ஆகியிருந்தது.

அக்காவுக்கு இரண்டு மகன்கள். அவர்கள் அக்காவை அம்மா என்று கூப்பிட்டார்கள், இவளும் கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை சித்தி என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "சித்தி, நல்லா இருக்கீங்களா?" என்றாள். கணக்கு சரிதான். பிழை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. தினமும் காலையில், "சித்தப்பா வேலைக்குப் போயிட்டு வாரேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். "போயிட்டு வாங்க சித்தப்பா" என்று அவள் வாசல் வரை வந்து வழியனுப்புவாள். என்னை உறுத்தியது 'சித்தி'கூட இல்லை, அந்த 'வாங்க'. அக்காவைப் பற்றிப் பேசும்போது, "அம்மா சொன்னா, அம்மா தந்தா" என்பாள். எனக்கு மட்டும், "தண்ணி தாங்க, கதவைத் திறங்க". விருந்துக்கு வந்த வீட்டில் நல்லபடியாக நடந்துகொள்ளும் பிள்ளையைப் போல இருந்தாள். தட்டில் எதை வைத்தாலும் சாப்பிட்டாள். எதற்கும் அடம் பிடிக்கவில்லை.

செய்யக்கூடியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். "அம்மாகிட்ட வா" என்று நானே சொல்லிக்கொள்வது. அக்காவைக் கடிதத்தில் எடுத்துச் சொல்லச் சொல்வது. கண்டித்துத் திருத்துவது. ஒன்றும் பேசாமல் இருப்பது. முதலாவதைச் சில நாள் செய்தேன். நான் "அம்மா" என்றதும் அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதோடு நான்காவதுக்கு வந்துவிட்டேன்.

அவளுடைய துணிப்பையில் ஒரு மாத்திரைப் புட்டி நிறைய அவரை விதை இருந்தது. அக்கா தந்து அனுப்பியது. "அம்மா ஆடியில போடச் சொன்னா" என்று அவளே சொன்னாள். ஆடியில் விதைப்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வந்த தமிழ்க் காலண்டர் தொங்கியது. அதில் ஆடி பிறந்ததும் இருவருமாக முற்றத்தில் குழி பறித்து, ஆட்டு எருவும் தேயிலைச் சக்கையும் கலந்து, பாதி விதையைப் போட்டோம். வேலையில் தினமும் தெர்மாமீட்டர் பார்க்கிறவள் நான். ஆனாலும் ஆடி என்றால் காற்றும் சாரலும் என்றே மனதில் இருந்தது. விதை நன்றாகத்தான் முளைத்தது. ஒரே மத்தியானத்தில் தண்டெல்லாம் வெந்து மணலில் சாய்ந்தது.

அவள் அழவில்லை. நூலாகக் காய்ந்த தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மாவோட அவரை செத்துப் போச்சு சித்தி" என்று தகவலாகச் சொன்னாள். மிச்சப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதையும் கோட்டைவிட்டால் அவளிடம் காட்ட என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

காலண்டரை விட்டுக் கைப்பிடியைப் பார்க்கத் தொடங்கினேன். புரட்டாசி கடைசியில் அது ஆறியது. அதற்குள் இன்னொரு விஷயத்தையும் கவனித்திருந்தேன். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். துளசித் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவரை உப்புக்குத் தாங்காது. கிளினிக் டாக்டரிடம் கேட்டு, ஒரு சின்னப் பழுப்புப் புட்டியில், தண்ணீரில் உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் கரைசல் கொஞ்சம் கொண்டுவந்தேன். அடுக்களை மேடையில் இரண்டு கண்ணாடி தம்ளர்களை வைத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில், ஜன்னல் ஏசியின் பின்புறம் சொட்டி வாளியில் சேர்ந்த தண்ணீர். முதலாவதில் சொட்டு விட்டதும் அது வெள்ளையாகத் திரண்டது.

"பாலு" என்றாள் அவள்.

"பால் இல்ல, உப்பு. இப்ப இதைப் பாரு."

ஏசித் தண்ணீரில் சொட்டு விட்டேன். தெளிவாகவே நின்றது. அவள் தம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தாள். "இதுல ஏன் வரல?"

அவள் என்னிடம் 'ஏன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது, காற்றில் உப்பு ஏறாது என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புட்டியை மூடும்போது ஒரு துளி எங்கள் இருவர் விரலிலும் பட்டுவிட்டது. கழுவியும், அடுத்த நாள் வெயிலில் பழுப்புப் புள்ளியாகக் கறுத்தது. அவள் அதை எல்லாரிடமும் நீட்டிக் காட்டினாள்.

இரண்டு ஏசிகளுக்கும் அடியில் வாளி வைத்தோம். அந்தக் கடலோரப் புழுக்கத்தில் வாளி சீக்கிரம் நிறையும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிச் சேர்த்தோம். மிச்ச விதையைப் போட்டோம். இந்தத் தடவை பிழைத்தது. கொடி வீசத் தொடங்கியபோது பந்தல் போட்டுத் தந்தது இவருடைய ஊர்க்காரர் ஒருவர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிக்கப் வண்டி ஓட்டினார், தொழிலாளர் கேம்பில் இருந்தார், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தார். சைட்டில் கழித்துப் போட்ட கம்பிகளையும் கிழிந்த மீன்வலை ஒன்றையும் கொண்டுவந்து இழுத்துக் கட்டினார்.

கட்டிக்கொண்டிருக்கும்போது அவள், "சித்தி, மாமாவுக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா புள்ளையா மதினி? நான் ஒங்க புள்ளைன்னுல்லா நெனச்சேன்."

"எங்க பிள்ளைதான்" என்றேன்.

அவர் கம்பியை முறுக்கி முடித்தார். பிறகு, "போன லீவுல நான் போயி வாசல்ல நிக்கேன். எம் பய கதவுக்குப் பின்னால போயி, 'எம்மா, யாரோ வந்துருக்காவ'ங்கான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒங்களையாவது சித்திங்கா. ஒறவுல ஒரு எடம் இருக்குல்லா."

ஐப்பசியில், எல்லாரும் காத்திருந்த அந்த நாள் வந்தது. இவர் வேலையிலிருந்து வந்து, இரண்டு ஏசிகளையும் நிறுத்தி, வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்தார். மாதக்கணக்கில் காதில் இருந்த இரைச்சல் நின்றதும் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கேட்டது. மகள் அறைக்கு அறை ஓடினாள். முற்றத்தில் பாய் விரித்துத் தேநீர் குடித்தோம். நான் மட்டும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தின் நல்ல காலம் வந்துவிட்டது. அதனாலேயே சொட்டு நின்றுவிட்டது.

டிரம்மில் தண்ணீர் இறங்க இறங்க, படுக்கையறை ஏசியைப் போட்டு வைத்தேன். இவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"எல்லாரும் தோட்டத்துக்குக் கிணறு வெட்டுவாங்க. நீ நம்மள ஐஸ்ல வைக்க."

"செடிக்குத் தண்ணி வேணும்ல."

"ஏட்டி, வாளியப் போய்ப் பாரு. சொட்டே விழல."

பார்த்தேன். விழவில்லை. குளிர்ந்த காற்றில் பிழிந்தெடுக்க ஈரம் இல்லை. வேறு வழியில்லாமல் டிரம் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். கீழ் இலைகளின் விளிம்பு பழுப்பாகச் சுருண்டது. மகள் இலையைத் தடவிப் பார்த்து, "பாலு குடிச்சிருச்சு" என்றாள்.

வழி சொன்னது பிக்கப்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்க்காரர், நல்ல கிணற்றுத் தண்ணீர் கிடைக்கும் என்று எங்களை வடக்கே ராஸ் அல் கைமாவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பேரீச்சைத் தோட்டத்துக்கு பம்பு குழாய் இறக்கியதில் அதன் காவலாளி அவருக்குப் பழக்கம். ஒட்டகங்கள் சாலையைக் கடக்கும் இடங்களில் நின்று நின்று போனோம். தோட்டத்தில் அறுவடை முடிந்திருந்தது. நிழலில் பாயின் மேல் கடைசிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எலுமிச்சை மரங்களின் அடியில் பழம் உதிர்ந்து கிடந்தது. மகள் பாவாடையில் பொறுக்கிச் சேர்த்தாள். நான் கொண்டுபோயிருந்த புளியோதரையைப் பேரீச்சம்பழத்தோடு சாப்பிட்ட காவலாளி, எதுவோ புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

வாய்க்காலில் கிணற்றுத் தண்ணீர் ஓடியது. பழுப்புப் புட்டி என் கைப்பையில் இருந்தது. மகள்தான் தம்ளரைப் பிடித்தாள். லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

"கொஞ்சூண்டு பாலு" என்று அறிவித்தாள்.

வண்டியில் கொண்டுபோன தண்ணீர் ஜெரிகேன்களை நிரப்பிக்கொள்ளலாமா என்று இவர் இந்தியில் கேட்டார். காவலாளி கையை விரித்தார். "லே ஜாவ் பாய், பானி பஹுத் ஹை." வேண்டியதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஆண்கள் இருவரும் நிரப்பினார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மா" என்று சத்தம் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். வாய்க்காலில் வழுக்கி, இடுப்பு வரை நனைந்து, எலுமிச்சைகள் சுற்றி மிதக்க உட்கார்ந்திருந்தாள். தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வண்டியில் ஏறும்வரை விடவில்லை.

திரும்பும் வழியில் அவள் தூங்கியதும் இவர் மெதுவாக, "உன்னையத்தான் கூப்பிட்டா" என்றார்.

"தெரியல. அக்காவையா இருக்கும்."

"ஓடுனது நீதான."

அவளுடைய ஈரப் பாவாடையை இழுத்துவிட்டேன். ஆதாரம் போதாத முடிவைத் தாளில் எழுதக் கூடாது என்று வேலையில் பழக்கப்பட்டவள் நான். அவள் விழித்ததும், "சித்தி, எலுமிச்சங்காய எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் வெள்ளிக்கிழமை என்றால் ராஸ் அல் கைமாதான். தண்ணீருக்கென்று போனாலும் மற்றதெல்லாம் கூடவே வந்தது. ஒரு தடவை கடற்கரையில் சங்கு பொறுக்கினோம், ஒரு தடவை மலையடிவாரம் வரை போனோம். வீட்டில் காலையும் மாலையும் அவள் ஒரு டப்பாவால் ஊற்றுவாள், நான் அளவு சொல்வேன். கார்த்திகைக் கடைசியில் ஊதாப் பூ வந்தது. தை பிறந்தபோது பந்தல் முழுக்கக் காய். பொங்கலன்று முற்றத்திலேயே ஸ்டவ்வை வைத்துப் பொங்கலிட்டு, எங்கள் அவரையைப் போட்டுக் கூட்டு வைத்தேன். ஊர்க்காரர் இரண்டாம் தடவை கூட்டுக்குக் கையை நீட்டி, "இது ஷார்ஜா காய்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாவ" என்றார். மகள் அன்றைக்குத்தான், "எனக்கு இன்னும் வேணும்" என்று முதன்முதலாகத் தட்டை நகர்த்தினாள்.

சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டோம். மாசி தொடக்கத்தில் அவை காய்ந்து கலகலத்தன. முற்றத்தில் உட்கார்ந்து இருவரும் உரித்தோம். அவள் பெரிய விதைகளாகப் பார்த்து, கழுவிக் காயவைத்திருந்த அதே மாத்திரைப் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், 'அம்மாவுக்கு' என்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று இருந்தது.

புட்டி நிறைந்ததும் மூடியைத் திருகிவிட்டு, அவளே யோசனையோடு கேட்டாள். "பெரியம்மா வீட்டுல ஏசி இல்லல்லா. தண்ணிக்கு என்ன செய்வாவ? நீ சொல்லு."

கையில் இருந்த காய் பிளந்தபடி இருந்தது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவள் சொன்னது அவளுக்கே தெரிந்துவிடும் என்று பட்டது. அவள் கேட்டது என்னவோ தண்ணீரைப் பற்றி. அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அங்க மழை பெய்யும்லா" என்றேன். "ஆடியிலேயே போடலாம்."

"அப்ப சரி" என்று புட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த காயை எடுத்தாள். மறுநாள் ஊருக்குப் போகிற ஒருவரிடம் விதையைத் தந்து அனுப்பினேன். கூட ஒரு கடிதம் வைத்தேன். பந்தல், தண்ணீர், பொங்கல், பிள்ளையின் உயரம் எல்லாம் எழுதினேன். அக்காவை அவள் என்னவென்று சொன்னாள் என்பதை மட்டும் எழுதவில்லை.