கணவரின் பங்கு

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது கொழும்புக்குப் போயிருந்த நவரட்ணராஜா திரும்பி வரவேயில்லை. அவருடைய மனைவி மங்களேஸ்வரி பேராதனையில் என்னோடு வேலை பார்த்த கிளார்க். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஓய்வூதியப் படிவமொன்று வந்தது. தான் இறந்தபின் கணவருக்குப் போகும் பங்கு வேண்டாமென்றால் கையெழுத்துப் போட்டு விலகலாம். சம்பளத்தில் அதற்கென்று பிடிக்கமாட்டார்கள்.

“விலகிருங்கக்கா. யாருக்காகக் கட்டுறீங்க?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

“அவருக்கு முந்திப் போகோணும் எண்டுதான் கலியாணம் கட்டின நாள் தொட்டுக் கும்பிடுறன், றோஸ். இதில கையெழுத்து வைச்சால், அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுத்தமாதிரி.”

படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். மாதாமாதம் பிடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

தொண்ணூற்றாறில், வேலையில் இருக்கும்போதே அக்கா காலமானார். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத்தான் மஹய்யாவ சுடலைக்குக் கொண்டுபோனோம். அடுத்த மாதம் கடிதம் வந்தது. பங்கைப் பெற நவரட்ணராஜா அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டுமாம்.

அவர் இல்லை என்று பதில் எழுதும்படி அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை என்னிடம் தந்தார்கள். நான் அதை அக்காவின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.