கரடி வேட்டை முகாமில் ஒரு பண்டாரி

அடுப்படியில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பசியோடு வருகிறவனைச் சமாளித்துவிடலாம், பசியோடும் ஏமாற்றத்தோடும் வருகிறவனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நான் சமைத்துப் போட்டவர்கள் அந்த இரண்டோடு கையில் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, கொஞ்ச காலம் சுற்றிவிட்டு, அக்கா ஸ்பான்சர் பண்ணிய கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் வந்து சேர்ந்தேன். சன்னிவேலில் ஓர் இந்திய ரெஸ்டாரன்டில் வேலை. அங்கே மிளகுக் கறிக்காகவே வாரம் தவறாமல் வருவார் வால்ட். வருஷா வருஷம் மெண்டசீனோ பக்கம் கடலோரக் காட்டில் கரடி வேட்டை முகாம் நடத்துகிறவர். அவருடைய சமையல்காரர் நின்றுவிட, என்னைக் கூப்பிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் சில சீசன்கள் லீவு போட்டுவிட்டுப் போய்வந்தேன். ஜெபராஜாக இருந்தவன் அங்கே ஜெஃப் ஆனேன்.

செப்டம்பரில் அந்தக் காடு முழுக்க ஹக்கிள்பெரி பழுத்துக் கிடக்கும். களாப்பழத்தைச் சுண்டைக்காயைவிடச் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. குளிர்காலத்துக்குக் கொழுப்பு ஏற்றிக்கொள்ளக் கரடிகள் அதைத் தேடி வரும். கரடிகளைத் தேடி இவர்கள் வருவார்கள்.

காற்று எந்தப் பக்கம்?

வந்த முதல் நாளே வால்ட் கூடாரக் கயிற்றில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டார். ரிப்பன் கரடிகள் மேய்கிற மலைச்சரிவுப் பக்கம் பறந்தால் நான் தாளிக்கக் கூடாது. கரடியின் மூக்குக்கு முன்னால் நாய் மூக்கெல்லாம் ஒன்றுமில்லையாம், ஆள் இருப்பதை மோந்து ஓடிவிடுமாம். ஒரு மத்தியானம் ரிப்பனைப் பார்க்க மறந்து, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் என்று வரிசையாகப் போட்டுவிட்டேன். மணம் போன திசையைப் பார்த்து வால்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கிற வார்டன் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். கலிஃபோர்னியாவில் தீனி வைத்துக் கரடியை இழுப்பது குற்றம். அவர் நேராக என் சட்டியருகே வந்து மோந்து பார்த்தார். ஒரு கரண்டி வாங்கி ருசித்தார். எனக்கு கிரீன் கார்டே கண் முன்னால் பறந்தது. அவர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “கரடிக்குத் தீனி வைத்தால்தான் கேஸ். வார்டனுக்கு வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. தட்டு இருக்கிறதா?”

உரித்த பிறகு

கப்பலில் முழு ஆட்டை உரித்துத் துண்டு போட்டவன் நான். கரடி என்ன பெரிய கரடி என்றுதான் கத்தியோடு போனேன். தோலை எடுத்துவிட்டு மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தோளும் முதுகும் தொடையும் அப்படியே ஓர் ஆள். அந்த முன்னங்காலைப் பார்த்தேன், மனிதக் கை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வேட்டைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. வால்ட் வந்து பக்கத்தில் நின்றார். “இன்றைக்கு நான் வெட்டித் தருகிறேன், நீ சமை” என்றார். பிறகு ஒரு தார்பாலினை எடுத்துப் போய் அதன் தோளிலிருந்து போர்த்திவிட்டு வந்தார். “முதல் வருஷம் எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஜெஃப். அதற்கப்புறமும் இப்படித்தான் இருக்கிறது.”

டீம் பில்டிங்

ஒரு சீசனில் ஒரு வேட்டைக்காரர் தான் மேனேஜராக இருந்த ஆபீஸிலிருந்து சுந்தரை அழைத்து வந்தார். சுந்தர் மயிலாப்பூர்ப் பையன், சாஃப்ட்வேர், முட்டைகூடத் தொடாதவன். மேனேஜர் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது? வீட்டில் டீம் பில்டிங் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். என் வாயில் தமிழைக் கேட்டதும் பாதி அழுகை வந்துவிட்டது அவனுக்கு. தனியாக ஒரு சட்டியில் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜரோடு போய்ச் சரிவில் உட்கார்ந்தான். திரும்பி வரும்போது மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கரடி வந்ததாம், அவர் துப்பாக்கியைத் தூக்கும் நேரத்தில் இவன் தும்மிவிட்டானாம். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, நிஜமாகவே தும்மலா என்று கேட்டேன். தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அண்ணே, அது கிளையை இழுத்து வச்சு உதட்டாலயே ஒவ்வொரு பழமா எடுக்குதுண்ணே. என் பொண்ணு இப்படித்தான் கிரேப்ஸ் சாப்பிடுவா. தும்மல் வரலைண்ணே, வர வச்சேன்.”

மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்கா நர்ஸ். பெண் பார்க்கிற இடத்திலெல்லாம் தம்பி ஃபாரஸ்ட்ல இருக்கான் என்று சொல்லி வைத்திருந்தாள். நாகர்கோவிலில் ஒரு வீட்டில் அதை அப்படியே ரேஞ்சர் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் எனக்குப் பிடித்திருந்தது. பொய்யில் ஆரம்பிக்க மனசில்லை. போனில் அந்தப் பெண் மெர்ஸியிடமே பேசிவிடுகிறேன் என்றேன். அக்கா, “நீ பேசி இதைக் கெடுக்கத்தான் போற” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரேஞ்சர் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை, சீசனில் கரடி முகாமில் சோறாக்குகிறவன், மற்ற நாளில் ரெஸ்டாரன்டில் சோறாக்குகிறவன்.   உடனே மெர்ஸி கேட்டாள்: “அப்போ கல்யாணத்துக்கப்புறம் வீட்லயும் நீங்கதானே சமைப்பீங்க?”

ரத்தமா, பழமா?

இன்னொரு சீசனில் வேட்டைக்கு வந்த டோனா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். மர மில் மூடியதில் கணவருக்கு வேலை போய்விட்டது. சுவரில் தலையை மாட்டிவைக்க வந்தவர் இல்லை அவர், மழைக்காலத்துக்குக் கறி வேண்டும் என்று வந்தவர். ஒரு நாள் காலை, மூடுபனி ஏறிக்கொண்டிருக்கும்போது சுட்டார். கரடி விழாமல் புதருக்குள் ஓடிவிட்டது.

அடிபட்ட மிருகத்தை விட்டுவிட்டு வருவது அவர்கள் நடுவில் பெரிய பாவம். எல்லோரும் தேடப் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். அங்கேதான் சிக்கல். அந்தக் காட்டில் ஹக்கிள்பெரி கறுப்பிலும் உண்டு, சிவப்பிலும் உண்டு. கரடி ஓடிய வழியெல்லாம் பழம் நசுங்கி, எந்த இலையைப் பார்த்தாலும் சிவப்பு. முழங்காலில் தவழ்ந்து தேடினோம். மதியச் சாப்பாட்டுக்குச் சிலர் திரும்பினார்கள். டோனா வரமாட்டேன் என்றார். “அது அங்கே வலியோடு கிடக்கும், நான் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடவா?”

அப்போதுதான் எனக்கு முதலுதவிப் பெட்டி நினைவுக்கு வந்தது. சமையல்காரன் விரலை வெட்டிக்கொள்ளாத நாள் ஏது? புண்ணில் பெராக்சைடு மருந்தை ஊற்றினால் ரத்தம் நுரைக்கும் என்பது எனக்குத் தெரியும். முகாமுக்குப் போய்ப் பாட்டிலோடு ஓடிவந்து டோனாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு சிவப்பிலும் ஒரு சொட்டு. பழச்சாறு சும்மா இருந்தது. ஓர் இலையில் வெள்ளையாகப் பொங்கியது. டோனா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இன்னொன்று, தள்ளி இன்னொன்று. நுரையைப் பின்தொடர்ந்து மெல்ல மெல்லப் போனோம்.

விழுந்து கிடந்த ஒரு ரெட்வுட் மரத்தின் அடியில் கரடி இருந்தது. உயிர் இல்லை, உடம்பு இன்னும் சூடாறவில்லை. வாயோரத்தில் பழக்கறை. கறி கிடைத்த சந்தோஷத்தில் டோனா கத்துவார் என்று நினைத்தேன். அவர் துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு மண்டியிட்டு, அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தார். நாங்கள் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. கரடியிடம்தான் பேசினார்: “தாமதமாகிவிட்டது, செல்லம். ரொம்ப நேரம் தனியாக இருந்துவிட்டாய்.”

அத்தனை சீசன் வேட்டைக் காட்டில் கிடந்தும் என் கையால் சுட்டது தோசை மட்டும்தான், ஆனாலும் அந்தத் துப்பாக்கிக்காரர்களின் பசியை நினைத்தால் இன்றைக்கும் அடுப்பைப் பற்றவைக்கக் கை பரபரக்கிறது.