எதிர்முனையில் யார்?

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டியலக்கா என்று பெயர். எதைச் செய்வதானாலும் முதலில் ஒரு பட்டியல் போட்டால்தான் அவளுக்குக் கை ஓடும். பத்தொன்பது வயதில் தட்டச்சு வேலைக்கு வந்து, தபால் வழியில் பட்டம் வாங்கி, நாற்பத்தாறு வயதில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெருங்கணினிகள் ஏழுக்கும் பொறுப்பாளியாகியிருந்தாள்.

நான்கு கணினிகள் ஒரு கட்டடத்தில், மற்ற மூன்றும் தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில். ஒன்றில் நோயாளி விவரம், ஒன்றில் ரத்தப் பரிசோதனை, ஒன்றில் மருந்துக் கிடங்கு என்று வேலையைப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் மற்ற ஆறோடும் பேசியாக வேண்டும். ஜோடிக்கு இரண்டு வயர்: ஒன்று போக, ஒன்று வர. ஆக நாற்பத்திரண்டு.

அவற்றுக்கு எண் வைத்ததில்தான் வினை. யார் எப்போது வயர் மாட்டினார்களோ, அந்தக் கணினியில் அன்றைக்குக் காலியாக இருந்த எண்ணைச் சூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது கணினியில் 0740 என்றால் ஐந்துக்குப் போகிற இணைப்பு. ஆறாவதிலும் ஒரு 0740 இருந்தது. அது ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு இரண்டுக்குப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே இணைப்பு திக்கித் திணறியது. அவள் எதிர்க்கட்டடத்துக்குப் போன் போட்டாள். "0740-ஐ நிறுத்திடுங்க." இயக்குபவர் "சரிக்கா" என்றார், நிறுத்தினார். அவர் உட்கார்ந்திருந்தது ஆறாவதின் முன்னால். நாற்பது நிமிடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை முடிவுகூட வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவருடைய ரத்த வகையை ஒரு நர்ஸ் காகிதத்தில் எழுதிக்கொண்டு மூன்று மாடி ஓடியிருக்கிறாள். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அவளே தெருவைத் தாண்டிப் போய் இயக்குபவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், முகம் செத்துப்போயிருந்தது. "நீங்க சொன்ன நம்பரைத்தான்கா நிறுத்தினேன்" என்றார். அது உண்மைதான்.

வீட்டில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன் கேட்டான். "அவர் மேல தப்பா, உன் மேல தப்பா?"

"யார் மேலயும் இல்லைங்க. அதான் பிரச்சனையே. நாளைக்கே திரும்ப நடக்கலாம்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே பட்டியல் போட ஆரம்பித்தாள். எண்ணைப் பார்த்ததும் எதிர்முனையில் யார் என்று தெரிய வேண்டும். முதல் இலக்கம் நான்கு என்றால் அனுப்புகிற வழி, ஐந்து என்றால் வாங்குகிற வழி. இரண்டாவது இலக்கம், எதிர்முனையில் இருக்கும் கணினி. எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் இதே விதிதான். ஏழுக்கு ஏழு பட்டியல் வேண்டாம், ஒன்று போதும்.

கூட்டத்தில் மேலாளர் தலையாட்டிவிட்டார். தலையாட்டாதவர் கேபிள் அண்ணன். பதினோரு வருடமாக வயர் போடுகிறவர், ஒவ்வொரு முனையிலும் லேபிளைத் தன் கையால் ஒட்டியவர். எண்பத்து நான்கு லேபிளைப் பிய்த்தெறியச் சொன்னால் யாருக்குத்தான் இனிக்கும்?

"பத்தாவது மெஷின் வந்தா என்னம்மா பண்ணுவீங்க? ஒரு இடந்தானே விட்டிருக்கீங்க" என்றார்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அங்கேயே திருத்தினாள்: கணினிக்கு இரண்டு இடம், பழையபடி நான்கு இலக்கம் வரக் கடைசியில் ஒரு பூஜ்யம். ஐந்துக்கு அனுப்புகிற வழி 4050.

அவர் விடவில்லை. "மூணுலேர்ந்து அஞ்சுக்கு வயர் போகுது. மூணுகிட்ட அதுக்குப் பேரு 4050. அஞ்சுகிட்ட?"

"5030. மூணுகிட்டேர்ந்து வாங்குறது."

"ஒரே வயரு, ரெண்டு பேரு! லேபிள்ல நான் எதை எழுத?"

அவள் தன் பட்டியலைப் பார்த்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதி வைத்ததெல்லாம் ஒரு கேள்வியில் கவிழ்ந்துவிடும்போல இருந்தது. கடைசியில் மெல்லக் கேட்டாள். "வயரைக் கையில பிடிச்சுட்டு நிக்கும்போது உங்களுக்கு என்னண்ணே தெரியணும்?"

"வேற என்ன, அந்தப் பக்கம் எங்க போகுதுன்னுதான்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மோவாயைச் சொறிந்தார். "அப்போ அந்தந்த முனையில அந்தந்தப் பேரை ஒட்டணும். என் தங்கச்சி என்னை அண்ணன்னு கூப்பிடுறா, நான் அவளைத் தங்கச்சின்னு கூப்பிடுறேன். உறவு ஒண்ணுதானே?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எண்களை மாற்றினார்கள். மருத்துவமனைகள் மூன்று மணி நேரம் காகிதத்தில் சமாளிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தன. நண்பகலுக்குள் நாற்பது இணைப்புகள் உயிர் பெற்றன. இரண்டு அசையவே இல்லை. ஆறாவதின் 5040, ஏழாவதின் 5040.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய முறையாக இருந்தால் தரைப் பலகைகளைப் பெயர்த்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டும், பொழுது சாய்ந்துவிடும். அவள் திரையை இன்னொரு தடவை படித்தாள்.

"அண்ணே, ரெண்டும் நாலாவதுகிட்டேர்ந்து வர வேண்டியது. அதுகிட்ட போய் 4060-ம் 4070-ம் எப்படி இருக்குன்னு பாருங்க."

அவர் குனிந்து உள்ளே நுழைந்தார். பிறகு கணினிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "லேபிள் சரிதாம்மா. மாட்டினவன்தான் மடையன்! மாத்திச் சொருகி வச்சிருக்கேன்."

இரண்டே நிமிடம். நாற்பத்திரண்டும் பச்சை. அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள். ஐந்து மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. கணவனுக்குப் போன் போட்டு, "பசிக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை அவள் பல் பிடுங்க விடுப்பு எடுத்திருந்தாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த இயக்குபவரான ஒரு அம்மாள் போகிறபோக்கில் சொன்னார். "நேத்து ஏழாவதுல 4020 தகராறு பண்ணுச்சுக்கா. நிறுத்தி, வயரை மாத்தி, திரும்ப விட்டுட்டோம்."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

அந்த அம்மாள் புரியாமல் பார்த்தார். "எதுக்குக்கா?"

பல் போன இடம் வலித்தது. அதையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது.