அண்ணி தத்தெடுத்த எஞ்சின்கள்

"கடிங்க" என்றால் கடிக்க வேண்டும். "விடுங்க" என்றால் விட வேண்டும். நடுவில் வாயைத் திறந்து கதை பேசக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் நீதிபதியே ஆனாலும் என் அண்ணி அவரிடம் பேசுவது இந்த இரண்டு வார்த்தைதான். புதுப் பல்செட்டின் பற்களுக்கு நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். எந்தப் பல்லில் நீலம் அழுத்தமாகப் படிகிறதோ, அதை ஒரு சின்ன மோட்டாரில் லேசாகத் தேய்ப்பார். மறுபடியும் "கடிங்க". வந்தவர் எழுந்து போகும்போது கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்.

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் கட்டுவது அண்ணியின் தொழில். அதே அறையின் மறுகோடியில், பிளாஸ்டர் தூசி படாமல் கண்ணாடித் தடுப்பு போட்ட மேசையில், நீராவி ரயில் எஞ்சின்கள் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. இந்த வார்த்தையை அவர் முன்னால் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பொழுது எங்க தம்பி போகாம நிக்குது, நான் புடிச்சுத் தள்றதுக்கு?"

எஞ்சின் என்றால் பொம்மை இல்லை. முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் செம்புக் கொதிகலனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால், நிஜமாகவே கொதித்து, நிஜமாகவே புகைபோக்கியில் ஆவி விட்டு ஓடும். விசில் ஒரு கடைவாய்ப்பல் அளவு. அதைச் செய்ததும் கடைவாய்ப்பல் செய்கிற மாதிரியேதான்: மெழுகில் வடித்து, அச்சு மாவில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் குழியில் பித்தளையைக் காய்ச்சி ஊற்றினார். முதன்முதலாக அது கூவியதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை கூவவைக்கச் சொன்னேன்.

அண்ணியிடம் ஒரு விசித்திரம் உண்டு. புது எஞ்சினை அவர் தொடங்கவே மாட்டார். யாரோ தொடங்கிப் பாதியில் விட்டதைத்தான் தேடிப் பிடித்து வாங்குவார். பழைய சாமான் கடை, வீடு காலி செய்கிறவர்களின் பரண், எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். சக்கரம் மட்டும் இருப்பது, கொதிகலன் இல்லாமல் எலும்புக்கூடாக நிற்பது என்று ஓர் அலமாரி நிறைய அநாதைகள். ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தால், செய்தவரின் ஜாதகத்தையே சொல்வார். "இந்தாளு அவசரக்காரர். அரம் போட்டிருக்கற லட்சணத்தைப் பாருங்க, பூனை பிறாண்டின மாதிரி." இன்னொன்றைத் தடவிப் பார்த்து, "இவரு பொறுமைசாலி. ஆனா கண்ணு மங்கிடுச்சு, பாவம். இந்த ஓட்டையிலேர்ந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி விழுந்திருக்கு."

கோணலான ஓட்டையை அடைத்துவிடலாமே என்றேன். "அது அவரு கையெழுத்து. அதை அழிக்க நான் யாரு?" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோணலுக்கு ஏற்றபடி மற்ற எல்லாவற்றையும் தான் வளைந்துகொடுத்துச் செய்வார். முகம் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வியந்திருக்கிறேன்.

இனி மூச்சு விஷயம். எஞ்சினின் சக்கரம் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் அது நாலு தடவை புஸ்ஸென்று ஆவியை மூச்சு விடும். நாலும் ஒரே சீராக வர வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும், அண்ணியின் பாஷையில், "நொண்டுது". ஆவியை அளந்து விடுகிற வால்வின் கம்பியில் மிளகு அளவில் ஒரு நட்டு இருக்கிறது. அதை மயிரிழை திருப்பினால் நொண்டல் தீரும். திருப்பம் பிசகினால் இன்னும் மோசமாகும். கண்ணால் பார்த்து ஓரளவுக்குத்தான் சரிசெய்ய முடியும், மிச்சமெல்லாம் காது. அறையின் மறுகோடியில் யாரோ ஒருவர் பல்செட்டைத் தேய்த்துக்கொண்டே, "மூணாவது இழுக்குது" என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த யாரோ அண்ணிதான்.

போன வருஷம் அந்தக் காது காலை வாரிவிட்டது.

காதுக்குள்ளே மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று தள்ளிச் சத்தத்தை உள்ளே அனுப்புகின்றன, அதில் ஒன்று இறுகி அசையாமல் போய்விட்டது, இரண்டு பக்கமும் அப்படித்தான் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். "அட, நம்ம எஞ்சின் கம்பிங்க மாதிரியே இருக்கே!" என்று அண்ணி அவரிடமே வியந்தாராம். வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார் என்று அண்ணன் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், பலிக்காமலும் போகலாம். "பச்சை ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று அண்ணி தள்ளிப்போட்டார். காதில் மாட்டும் மெஷின் பேச்சுக்கு உதவுகிறது, மூச்சுக்கு உதவவில்லை. "இதைப் போட்டா எஞ்சினும் தகரம், உங்க அண்ணனும் தகரம்."

பச்சை என்பது இப்போது மேசையில் இருக்கும் எஞ்சின். இதைத் தொடங்கியவர் யாரோ, அவரைப் பற்றி மட்டும் அண்ணி கேலி பேசியதே கிடையாது. "என்னைவிடப் பெரிய கை" என்பார். அந்தப் பெரிய கை எல்லாவற்றையும் முடித்து, வால்வு பக்கம் வந்து நின்றுவிட்டது. ஏன் என்று தெரியாது. அண்ணி வால்வைச் செய்து முடித்துவிட்டார். மூச்சைச் சீராக்குவதுதான் பாக்கி.

"இது நொண்டாம ஓடலைன்னா அலமாரியிலதான் மறுபடி வெக்கணும், தம்பி. பாதியில விட்டவங்க வரிசையில நானும் ஒருத்தி" என்றார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். கை மட்டும் பித்தளையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஓடிப் போய்விடாமல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும்படி பச்சையை உருளைகள் மேல் நிறுத்தி, விளக்கை ஏற்றினார். தண்ணீர் கொதித்தது. சக்கரம் ஒரு தயக்கம் தயங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"நொண்டுதா?" என்றார், எங்கள் முகங்களைப் பார்த்து.

அண்ணன் பேருந்து டிப்போவில் நேரம் குறிக்கிறவர். ஆனால் கூட்டத்தில் கைதட்டினால் எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு இவருடைய தட்டு ஒன்று தனியாக விழும். அவர் உரக்கச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு!"

"உப்பு போட மறந்த அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. தம்பி, நீங்க சொல்லுங்க."

"கொஞ்சம் நொண்டுற மாதிரி இருக்கு, அண்ணி."

"எந்த மூச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணி குத்துமதிப்பாக நட்டைத் திருப்பினார். இப்போது எனக்கே தெளிவாகத் தெரிந்தது, முன்னைவிட மோசம். என் முகமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவர் விளக்கை ஊதி அணைத்தார். பச்சையின் மேல் ஒரு துணியை இழுத்துப் போர்த்தினார். அந்தத் துணி எனக்குப் பிடிக்கவே இல்லை.

"வாங்க, டீ குடிப்போம்."

அண்ணி ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டிருந்தவர் சட்டென நிறுத்தினார். இன்னொரு கடி. என்னை உற்றுப் பார்த்தார்.

"இது மட்டும் எப்படி இவ்ளோ சத்தமாக் கேக்குது?"

"எது?" என்று கத்தினார் அண்ணன்.

"ரஸ்க்கு! நீங்க கத்தறதே தகரமாத்தான் கேக்குது, ரஸ்க்கு தெளிவாக் கேக்குது. இது காது வழியா வரலைங்க. பல்லு வழியா வருது!"

டீ ஆறிப்போனது பற்றி யாருக்குக் கவலை! அண்ணி காதிலிருந்த மெஷினைக் கழற்றி அண்ணனின் சட்டைப்பையில் போட்டார். பிளாஸ்டர் கலக்கும் நீளமான மரக்கரண்டியைக் கழுவி எடுத்து வந்தார். விளக்கை மறுபடி ஏற்றினார். சக்கரம் சுற்றத் தொடங்கியதும், கரண்டியின் தலையை எஞ்சினின் சட்டத்தில் அழுத்தி, காம்பைத் தன் பற்களால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஊராருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தவர் தன் பல்லால் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இடக்கை விரல் மேசையில் தட்டியது: ஒன்று, இரண்டு, மூன்று, கொஞ்சம் இழுத்து நான்கு. மறுபடியும் அதே இழுவை. கண்ணைத் திறந்து, சக்கரத்தை நிறுத்தி, நட்டை ஒரு மயிரிழை திருப்பினார். கடித்தார். தட்டினார். இன்னும் ஒரு மயிரிழை. அப்புறம் அந்த விரல் தட்டியது ஒரே சீராக இருந்தது, விரலும் எஞ்சினும் சேர்ந்து ஒரே மூச்சாக. அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. காம்பைக் கடித்தபடியே சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"என்னம்மா, சரியாயிடுச்சா?" என்று அண்ணன் மேசை மேலேயே கவிழ்ந்துவிடுவதுபோல எட்டிப் பார்த்துக் கேட்டார். கேள்வி அண்ணிக்குக் கேட்டிருக்காது.

அவர் கரண்டியை வாயிலிருந்து எடுத்தார். காம்பை வெள்ளைக் கோட்டின் நுனியில் நன்றாகத் துடைத்தார். அதை அண்ணனின் வாயருகே நீட்டினார்.

"கடிங்க."