மீன்ரின் எஞ்சினின் இரண்டு விளக்குகள்

மீன்ரின்னை எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, எத்தனை நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தாலும் அந்த மணம் போகாது. கத்தரியால் தகரத்தை வெட்டும்போது விரல் கிழிந்தால் இரத்தத்தோடும் அதே மணம்தான் வரும். அடைத்த மீன் வரும் அந்தத் தகரத்தைப் பிளந்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, சட்டத்தில் வைத்து மடித்து, என் பத்தாவது வயதில் நான் ஒரு ரயில் எஞ்சின் செய்தேன். நான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் புங்குடுதீவில் இறுப்பிட்டி. தீவுப் பகுதிக்கு ரயில் வந்ததே இல்லை. எங்களுக்கு பஸ் உண்டு, குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் போகும் ‘லோஞ்ச்’ படகு உண்டு, அதோடு சரி. ஆனால் ரயில் இல்லாமல் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. ஊரில் பாதி ஆம்பிளைகள் தெற்கே சிங்கள ஊர்களில் கடை வைத்திருந்தார்கள். அப்பாவின் கடை மாகோவில். வருடத்தில் மூன்று முறை யாழ்தேவி ரயிலில் ஏறி யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான் மணலைத் தாண்டி, பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்து இறங்குவார். அவர் வந்தால் எனக்கு இரண்டு பொருள் வரும். ஒன்று, கடைக்கு வரும் தேயிலைப் பெட்டிகளின் விளிம்பில் அடித்திருக்கும் ஒடுங்கிய தகரப்பட்டி. மற்றது, அவர் வந்த ரயில் ரிக்கற், தடித்த அட்டையில் ஊர்ப்பெயர் அச்சடித்தது. ரிக்கற்றை ஸ்டேஷன் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்பது சட்டம், ஆனால் அப்பா வாசல்காரரிடம் மகளுக்கென்று கெஞ்சி வாங்கி வருவார்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அண்ணனை மட்டும் கடைக்குக் கூட்டிப் போவார். நானும் வருகிறேன் என்று அழுதபோது அப்பா சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுபோய் கடைக்குள்ளை எங்கை படுக்க வைக்கிறது?”

அம்மா அதற்கு ‘ஓம் ஓம்’ என்றாள். அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன், மூன்று தரம் யாழ்தேவியில் போய் வந்தவன், திரும்பி வந்து அதைப் பற்றி ஒழுங்காக ஒரு வசனம் சொல்லத் தெரியாதவன். ஆனையிறவில் என்ன தெரியும் என்று கேட்டால் “உப்பு” என்பான். மாங்குளத்தில் என்று கேட்டால் “காடு” என்பான். ஆகவே நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். குசினிக் கதவடியில் கதிரையைப் போட்டு அவர் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம், எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும், எங்கே வடை வரும், எங்கே தண்ணீர்த் தொட்டி நிற்கும், பெட்டிக்கு எத்தனை யன்னல் என்று அரித்தெடுத்து, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பின்விறாந்தையில் என் ரயில் பாதை வளர்ந்தது. தேயிலைப்பெட்டித் தகரப்பட்டிதான் தண்டவாளம், ஈர்க்கில் துண்டுகள்தான் சிலிப்பர் கட்டை, நெருப்புப்பெட்டிகள்தான் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ஸ்டேஷன் பெட்டிக்குள்ளும் அந்த ஊருக்கு அப்பா போய் வந்த ரிக்கற் இருந்தால் மடிக்காமல் வைப்பேன். எஞ்சினுக்குள் பழுதான மணிக்கூடு ஒன்றின் சுருள்கம்பியை வைத்து, சைக்கிள் கடைக்கார அண்ணையைக் கொண்டு ஒட்டுவித்தேன். கதவுக்கு அடித்து மிஞ்சிய செங்கல் நிறப் பெயின்ற் அடித்தேன். சாவி கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் இருந்து கறகறவென்று புறப்பட்டு, கொடிகாமம், பளை, கிளிநொச்சி எல்லாம் தாண்டி, வவுனியாவில் மூச்சு நின்றுவிடும். அங்கே வைத்து மறுபடி சாவி கொடுக்க வேண்டும். பிற்பாடு நிஜ ரயிலும் வருடக்கணக்காக வவுனியாவைத் தாண்டி எங்கள் பக்கம் வராமல் நின்றது, ஆனால் அதற்குச் சாவி கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

இனி விளக்குகள். எஞ்சினின் முகத்தை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பாவும் ரயிலுக்குள் இருந்து பார்த்தவரே தவிர முன்னால் நின்று உற்றுப் பார்த்தவர் அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் லோஞ்ச். நயினாதீவுத் திருவிழா முடிந்து, இருட்டிவரும் மம்மல் பொழுதில் லோஞ்ச் துறைக்கு வரும்போது ஒரு பக்கம் சிவப்பு விளக்கும் மறுபக்கம் பச்சை விளக்கும் எரியும். சனத்தை ஏற்றிக்கொண்டு தூரத்தில் இருந்து வரும் எதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, இனிப்புச் சுற்றிவந்த கண்ணாடித்தாளில் சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் வெட்டி, எஞ்சினின் இரு பக்கமும் ஒட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ரெயில் என்ன நயினாதீவுக்கே போகுது?” என்று கேட்டதோடு நில்லாமல் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னான். ஒரு கிழமை முழுக்க என்னை ‘லோஞ்ச்காரி’ என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் மெல்லமாக, நடுவில் ஒரு வெள்ளை விளக்குத்தான் பிள்ளை இருக்கும் என்றார். நான் கழற்றவில்லை. அண்ணன் சிரித்ததாலேயே கழற்றவில்லை.

இதற்கிடையில் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாகோக் கடையை எரித்துவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு வந்து சேர்ந்த அப்பா பிறகு ரயில் ஏறவே இல்லை. ரிக்கற் வருவதும் நின்றது. பின்விறாந்தையில் வந்து குந்தியிருந்து, நான் சாவி கொடுக்க எஞ்சின் ஓடுவதைப் பார்ப்பார். மாகோ நெருப்புப்பெட்டியை ஒருநாள் எடுத்துத் திறந்து, ரிக்கற்றை விரலால் தடவிவிட்டு வைத்தார்.

சில வருடம் கழித்து அண்ணன் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, அங்கே எங்கள் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்று எஞ்சினைக் கேட்டான். சிரித்தவன் கேட்கிறானே என்ற பெருமையில் நானே என் கையால் துணியில் சுற்றி, ஸ்டேஷன்கள் எழுதிய கொப்பியையும் சேர்த்துக் கொடுத்தேன். இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பிறகு தீவை விட்டு எல்லாரும் ஓடினோம். தண்டவாளம், ஸ்டேஷன்கள், ரிக்கற்றுகள் எல்லாவற்றையும் ஒரு விசுக்கோத்துப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற அறைக்குக் கூரையும் இல்லை. நிஜத் தண்டவாளத்தையே கழற்றிப் பதுங்குகுழிக்கு மூடி போட்ட காலத்தில் என் தகரப்பட்டியை யார் தேடப்போகிறார்கள்?

இந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு அண்ணன் வந்தான், தனியாக அல்ல, மரப்பெட்டிகளோடு. கனடாவில் வீட்டு நிலக்கீழ் அறையில் பல வருடமாக யாழ்தேவிப் பாதையைச் சின்ன அளவில் செய்து ஓட்டி வருகிறானாம், ஆட்கள் வந்து பார்த்துப் போகிறார்களாம். அதில் ஒரு பகுதியை ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் நாலு மேசையைச் சேர்த்துப் பரப்பினான். மின்சாரத்தில் ஓடும் அழகான எஞ்சின்கள். குறை சொல்ல மாட்டேன், ஆனையிறவில் உப்பளம்கூடச் செய்திருந்தான், ஸ்டேஷன் வரிசையும் நிற்கும் நிமிடமும் என் கொப்பியில் இருந்தபடி அச்சொட்டாக இருந்தன. ஒவ்வொரு எஞ்சினின் முகத்திலும் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை விளக்கு. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என் மீன்ரின் எஞ்சின். கீழே அட்டையில் அவன் பெயரும், “என் பத்தாவது வயதில் செய்தது” என்ற வரியும்.

மாலை போட்டார்கள், பேசினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவன் பேச்சில் என் பெயர் வரும் என்று கடைசிவரை காத்திருந்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். வரவில்லை. அப்போது சாவகச்சேரியில் இருந்து வந்திருந்த, ரயிலில் கார்ட்டாக இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“தம்பி, முப்பது வருசம் இந்த லைனிலை போய் வந்தனான். எஞ்சினிலை இப்பிடிச் சிவப்பும் பச்சையும் நான் காணேல்லையே?”

“ஐயா, அது உங்களுக்கு முந்தின காலத்து எஞ்சின்,” என்றான் அண்ணன். “அப்ப அப்பிடித்தான் இருந்தது.”

நான் எழும்பிவிட்டேன்.

“அது ரெயில் லைற் இல்லை ஐயா, குறிகட்டுவான் லோஞ்சின்ரை லைற். ரெயிலைக் கண்ணாலை காணாத ஒரு பிள்ளை விட்ட பிழை. அந்தப் பிள்ளை நான்தான். மூண்டுதரம் ரெயிலிலை போனவர் இந்தா நிக்கிறார், அவரைக் கேளுங்கோ.”

பெரியவர் என்னையும் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்துவிட்டார். யாரோ பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் கத்தவில்லை, புத்தி சொன்னான். சபையில் வைத்து இப்படிச் சொல்லலாமா, ஆர் செய்தால் என்ன, எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே என்றான்.

“அப்ப உங்கடை பேரை எடுத்துப்போட்டு என்ரை பேரைப் போடுங்கோ,” என்றேன். “ஒரு வீடுதானே.”

பார்ப்பம் என்றான். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போனான். எஞ்சினைத் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. பெயர் மாறும் என்று நம்பினேன்.

இன்றைக்கு யாழ்தேவி மறுபடி ஓடுகிறது. கொழும்பில் அலுவல் என்றால் நானும் அதில்தான் போகிறேன், முன்னால் போய் நின்று எஞ்சினின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். தேயிலைப் பெட்டித் தகரப்பட்டி இல்லை, அட்டை ரிக்கற் இல்லை, அப்பா இல்லை. போன கிழமை அண்ணனிடம் இருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் எஞ்சின், கீழே பழைய அட்டை, அதே பெயர். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைச் சுரண்டி எடுத்து, நடுவில் புதிதாக ஒரு வெள்ளை விளக்கு வைத்திருந்தான். “லைற்றைத் திருத்திப்போட்டன் தங்கச்சி, இனி ஒருத்தரும் பிழை சொல்ல ஏலாது” என்று எழுதியிருந்தான்.

கடை எரிந்ததற்கும், தண்டவாளம் போனதற்கும், அலுமாரிக்கு அடியில் விட்டுவந்த பெட்டிக்கும் நான் யாரிடம் போய்க் கேட்பது என்று இத்தனை வருடமும் தெரியாமல் இருந்தேன். இதற்கு ஆளைத் தெரியும். ஒரு கத்தியை எடுத்து, அறை லைற்றைப் போட்டு, கதிரையில் அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து சுரண்டியிருக்கிறான்.